பிளாவுத்தில்லாவின் பந்தி

ஃப்ளோரன்ஸுக்கு வருகிற கூட்டம் முதலில் டேவிட் சிலையைப் பார்க்கப் போகும். பிறகு உஃபீட்ஸி அருங்காட்சியகம், பிறகு ஆற்றின் மேல் இருக்கும் பழைய பாலம். நான் சாப்பாட்டுக் கூடங்களைப் பார்க்கப் போனேன். மடங்களில் துறவிகள் வரிசையாக உட்கார்ந்து உண்ட கூடங்கள். அந்த ஊரில் நடந்து போகும் தூரத்துக்குள்ளேயே அப்படிப் பல கூடங்கள் இருக்கின்றன. கோடிச் சுவரில் பெரும்பாலும் ஒரே காட்சி: இயேசு தம் சீடர்களோடு உண்ட இறுதி இராவுணவு.

கீழே நீள மேசைகளில் துறவிகள். மேலே சுவரில் இயேசுவும் பன்னிருவரும். வரைந்த மேசை நிஜ மேசையின் நீட்சியாகத் தெரிய வேண்டும் என்பது ஓவியர்களின் கணக்கு. சாப்பிடும்போது பேச்சு கிடையாது. ஒருவர் திருநூலை வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உண்பார்கள். ஆக, சுவரும் தரையும் சேர்ந்து ஒரே பந்தி. பந்தியில் யார் உட்காரலாம், யார் பரிமாறலாம், யார் கடைசியில் மிச்சத்தை உண்ணலாம் என்ற கேள்விகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கண்ணோடுதான் இந்தச் சுவர்களின் முன்னால் போய் நின்றேன்.

சான் மார்க்கோ மடத்தின் சிறிய கூடத்தில் கிர்லாந்தாயோ வரைந்தது இருக்கிறது. மேசை மேல் செர்ரிப் பழங்கள் சிதறிக் கிடக்கின்றன. யூதாசின் பக்கத்தில் ஒரு பூனை நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. அழகான ஓவியம், பார்த்ததும் பிடித்துப்போகும். ஆனால் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கிற சாந்த் அப்பொலோனியா கன்னியர் மடத்தில்தான் என் கால் நின்றது.

1447-இல் ஆந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ என்ற ஓவியர் வரைந்த இராவுணவு அங்கே இருக்கிறது. பளிங்குப் பலகைகள் பதித்த ஓர் அறை, அதற்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் ஆண்கள். எல்லாரும் மேசைக்கு அந்தப் பக்கம், யூதாசு மட்டும் இந்தப் பக்கம், தனியாக. இயேசுவும் பேதுருவும் யூதாசும் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே உள்ள பளிங்கில் மட்டும் கோடுகள் மின்னல் போலக் கொந்தளிக்கின்றன. முகங்களில் தாட்சண்யம் இல்லை. இந்தப் பதிமூன்று ஆண்களின் பார்வைக்குக் கீழே பெனடிக்டீன் சபைக் கன்னியர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டார்கள்.

அந்த மடம் அடைப்பு மடம். உள்ளே போன பெண் வெளியே வரமாட்டாள், வெளியார் உள்ளே வரமுடியாது. அதனால் இந்த ஓவியம் இருப்பதே ஊருக்குத் தெரியவில்லை. 1860-களில் இத்தாலிய அரசு மடங்களைக் கலைத்தபோதுதான் கலை அறிஞர்கள் இதைப் பார்த்தார்கள், வியந்தார்கள், எழுதினார்கள். அதற்குப் பிறகே இது வரலாற்றில் இடம்பெற்றது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் பெண்கள் தினமும் ஏறிட்டுப் பார்த்த ஒரு படம் அதுவரை யாரும் பார்க்காத படமாகக் கணக்கில் இருந்தது! அந்தப் பெண்களுக்கு இந்த முகங்கள் என்னவாகத் தெரிந்தன? துணையாகவா, காவலாகவா? எழுதி வைத்தவர் யாரும் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று அவர்கள் உட்கார்ந்திருக்கக்கூடிய உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் மேசையின் அடிப்பக்கமும் பாதங்களும்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

அடைப்பு மடத்துக்குள் இருந்த ஒருத்தியே தூரிகையை எடுத்தால் அந்தப் பந்தி எப்படி இருக்கும்? அதற்குப் பதில் அதே ஊரில் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே, சாண்டா மரியா நொவெல்லா தேவாலயத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில். ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம், துணியில் எண்ணெய் வண்ணம். வரைந்தவர் பிளாவுத்தில்லா நெல்லி என்ற டொமினிக்கன் சபைக் கன்னியாஸ்திரீ. பிறந்தது 1524, மறைந்தது 1588.

ஆள் உயர உருவங்கள். நடுவில் இயேசு, அவர் மேல் சாய்ந்த இளைய யோவான், இந்தப் பக்கம் பணப்பையோடு யூதாசு. இதுவரை பழக்கமான அமைப்புதான். மேசையைப் பார்த்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. முழுசாகச் சுட்ட ஆட்டுக்குட்டி, கீரை போல விரிந்த லெட்யூஸ் இலைகள், மொச்சை, ரொட்டி, திராட்சை ரசம், உப்புக் கிண்ணங்கள், கத்திகள், நீல வேலைப்பாடு கொண்ட பீங்கான் கோப்பைகள். ஊரில் மற்ற சுவர்கள் பலவற்றில் மேசை இத்தனை நிறைந்திருக்காது. பார்ப்பவரின் கவனம் துரோகத்தின் மேல் இருக்க வேண்டும் என்று ஆண் ஓவியர்கள் நினைத்தார்கள். இங்கே பசித்து வந்தவர்களுக்குச் சாப்பாடு இருக்கிறது. யாரோ சமைத்திருக்கிறார்கள், யாரோ அடுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கூடத்தில் என்னைத் தவிர ஒரு கன்னியாஸ்திரீயும் ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊருக்குப் போன் பேசியதைக் கேட்டுவிட்டு, "தமிழா நீங்க?" என்றார். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரைக் கிராமத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் பணி. இத்தாலியின் பல ஊர்களில் முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைப்பவர்களில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன சகோதரிகள் இருக்கிறார்கள். இது கலை நூல்கள் எதிலும் இடம்பெறாத ஒரு செய்தி.

"சிஸ்டர், இதுல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"அந்த மேசை விரிப்பப் பாருங்க," என்றார். "மடிச்ச கோடு அப்படியே தெரியுதுல்ல? அலமாரியில மடிச்சு வெச்சிருந்து திருவிழாவுக்கு எடுத்து விரிச்சா இப்படித்தான் இருக்கும். எங்க மடத்துலயும் அப்படி ஒண்ணு இருக்கு. சாதாரண நாள்ல எடுக்க மாட்டோம்." சற்று நேரம் கழித்துத் தொடர்ந்தார்: "இந்தப் பாத்திரம் எல்லாம் கழுவி அடுக்குனவங்க வரைஞ்ச மாதிரி இருக்கு."

அந்த விரிப்பின் மடிப்புக் கோடுகளை நான் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன பிறகு அது வேறு கோடாகத் தெரிந்தது. கன்னியர் மடத்தின் வேலை நாள் முழுக்க அதில் இருந்தது.

நெல்லி எப்படி மடத்துக்கு வந்தார் என்பதைச் சொல்லாமல் இந்த ஓவியத்தைச் சொல்ல முடியாது. துணி வணிகர் ஒருவரின் மகள் அவர். 14 வயதில், 1538-இல், சியென்னாவின் புனித கத்தரீனா பெயர் தாங்கிய மடத்தில் சேர்க்கப்பட்டார். உடன்பிறந்தவளும் அதே மடத்தில்தான். அன்றைய ஃப்ளோரன்ஸில் இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருந்தது. பெண்ணுக்கு வரதட்சணை சேர்ப்பதற்காகவே 1425-இல் நகர அரசு ஒரு நிதியைத் தொடங்கியிருந்தது. மகள் சிறியவளாக இருக்கும்போதே தகப்பன் பணம் போட வேண்டும், கல்யாணத்தின்போது வட்டியோடு வரும். நம்மூர்ச் சீட்டுக் கட்டும் தகப்பன்மாருக்கு இதை விளக்கவே வேண்டாம். வரதட்சணைத் தொகை ஏற ஏற, ஒரு மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு மற்ற மகள்களை மடத்துக்கு அனுப்புவது வழக்கமானது. மடமும் தட்சணை வாங்கியது, ஆனால் மாப்பிள்ளை வீட்டைவிட மிகக் குறைவாக. வசதியான குடும்பங்களில் பிறந்த பெண்களில் பெரும் பங்கினர் அந்த நூற்றாண்டில் மடச் சுவர்களுக்குள் வாழ்ந்தார்கள். எல்லாரும் விரும்பிப் போனவர்கள் என்று சொல்ல முடியாது. எல்லாரும் விரும்பாமல் போனவர்கள் என்றும் சொல்லக்கூடாது. உள்ளே போன பிறகு அவர்கள் கட்டிக்கொண்ட வாழ்க்கை அவர்களுடையது.

நெல்லியின் மடம் சவோனரோலாவின் வழி வந்தது. நகரத்தின் ஆடம்பரத்தைச் சாடி, 1498-இல் நகரச் சதுக்கத்திலேயே தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்ட துறவி அவர். கன்னியர்கள் சோம்பியிருக்காமல் பக்திப் படங்கள் வரைய வேண்டும் என்று ஊக்குவித்தவர்களில் அவரும் ஒருவர். அந்த ஒரு கதவு நெல்லிக்குத் திறந்திருந்தது. ஆசிரியர் கிடையாது. சான் மார்க்கோ மடத்தில் வாழ்ந்த ஓவியத் துறவி ஃபிரா பர்த்தொலொமேயோ விட்டுப்போன நூற்றுக்கணக்கான கோட்டோவியங்கள் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்து தானே கற்றுக்கொண்டார். பிறகு மற்றக் கன்னியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். படங்கள் விற்பனைக்குப் போயின, மடத்துக்கு வருமானம் வந்தது. மடத் தலைவியாகவும் பலமுறை இருந்தார். இதைத்தான் என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. தகப்பன்மார் செலவுக் கணக்கில் எழுதிய பெண்கள் உள்ளே ஓர் ஓவியக் கூடம் நடத்தினார்கள்.

இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கையைத் தொகுத்த ஜார்ஜோ வசாரி, 1568-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் நெல்லியைக் குறிப்பிடுகிறார். ஃப்ளோரன்ஸின் பெரிய வீடுகளில் அவர் படங்கள் ஏராளமாக இருந்ததைச் சொல்கிறார், சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர் வரைந்த பெரிய இராவுணவையும் சொல்கிறார். ஆண்களைப் போலப் பயிலவும், உயிருள்ள உடல்களைப் பார்த்து வரையவும் வாய்ப்புக் கிடைத்திருந்தால் வியக்கத்தக்கவற்றைச் செய்திருப்பார் என்பது வசாரியின் கருத்து. பெண் முகங்கள் அவருக்கு நன்றாக வருகின்றன, ஏனென்றால் பெண்களைத்தான் அவரால் பார்க்க முடிந்தது என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அதன் பிறகு வந்தவர்கள் இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நெல்லியின் அப்போஸ்தலர்கள் பெண்களைப் போலிருக்கிறார்கள் என்று குறை சொன்னார்கள். உண்மைதான், சில முகங்கள் தாடி ஒட்டிய பெண்முகங்கள் போலத்தான் இருக்கின்றன. ஆனால் காரணத்தை வசாரியே சொல்லிவிட்டார். நிர்வாண ஆண் உடலைப் பார்த்து வரைவதுதான் அன்றைய ஓவியக் கல்வியின் முதுகெலும்பு. அது பெண்ணுக்கு மூடிய கதவு, கன்னியாஸ்திரீக்கு இன்னொரு பூட்டும் போட்ட கதவு. போதாததற்கு 1566-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் கன்னியர் மடங்கள் எல்லாவற்றுக்கும் கடும் அடைப்பை விதித்தார். நெல்லி இந்த ஓவியத்தோடு மல்லுக்கட்டியதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். பெரிய பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியை 1971-இல் அமெரிக்கக் கலை வரலாற்றாளர் லிண்டா நாக்லின் எடுத்துக்கொண்டு, பதிலைப் பெண்களின் திறமையில் தேடாமல் அவர்களுக்குக் கிடைக்காத பள்ளிகளிலும் மாதிரி உடல்களிலும் தேடினார். நானூறு ஆண்டுகளுக்கு முன் வசாரி போகிறபோக்கில் எழுதிய வரிகள் அந்தப் பதிலின் பக்கத்தில்தான் நிற்கின்றன.

இன்னொரு விதமாகவும் அந்த முகங்களைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அடைப்பு மடத்தில் நாள்தோறும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட சகோதரிகளின் முகங்களைத்தான் நெல்லி இயேசுவின் மேசையில் உட்கார வைத்தார். வேறு வழியில்லாமல் செய்திருக்கலாம். ஆனாலும் கூடத்தில் நிமிர்ந்து பார்த்த ஒரு கன்னிக்குத் தன் சாயல் சுவரில் தெரிந்திருக்கும். கஸ்தாஞ்ஞோவின் கூடத்தில் அது சாத்தியமே இல்லை. பெண்களுக்கு இடமில்லாத அந்தப் பந்தியில், தடையின் வழியாகவே அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஓவியத்தின் மேல் இடது மூலையில் கையெழுத்து இருக்கிறது. நெல்லியின் பெயர், அதோடு லத்தீனில் ஒரு வேண்டுகோள்: வரைந்தவளுக்காக மன்றாடுங்கள். சிஸ்டர்தான் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு அங்கேயே நின்று ஒரு ஜெபம் சொன்னார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "கேட்டிருக்காங்கல்ல," என்றார், கடனைத் திருப்பிக் கொடுத்தவரைப் போன்ற நிம்மதியோடு.

அந்த வேண்டுகோள் எத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்பது தனிக்கதை. நெப்போலியன் காலத்தில் நெல்லியின் மடம் கலைக்கப்பட்டது. ஓவியம் சாண்டா மரியா நொவெல்லாவுக்கு வந்தது. இடையில் கிடங்கு வாசம். கடைசியில் அங்கிருந்த ஆண் துறவிகளின் சொந்தச் சாப்பாட்டு அறையில், பொதுமக்கள் எட்டாத இடத்தில் தொங்கியது. பெண்களின் பந்திக்காக ஒரு பெண் வரைந்தது ஆண்களின் பந்திக்குப் போயிற்று. ஃப்ளோரன்ஸில் பெண் ஓவியர்களின் மறந்துபோன படைப்புகளைத் தேடிச் செப்பனிட்ட 'அட்வான்சிங் விமன் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற அமைப்பு இதைக் கையில் எடுத்தது. ஜேன் ஃபார்ச்சூன் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கிய அமைப்பு. ஊர் உலகத்திடம் நிதி திரட்டினார்கள், ஒவ்வோர் அப்போஸ்தலரையும் ஒருவர் தத்தெடுக்கலாம் என்றார்கள். ரொசெல்லா லாரி என்ற மறுசீரமைப்புக் கலைஞர் தலைமையில் நான்கு ஆண்டு வேலை. 2019 அக்டோபரில் ஓவியம் மக்கள் பார்வைக்கு வந்தது. அழுக்கை நீக்கியபோது தெரிந்த தூரிகை வீச்சுகள் தடித்தவை, வண்ணம் தோய்ந்தவை, தயங்காத கை என்று செப்பனிட்டவர்கள் சொன்னார்கள். அருகில் போய்ப் பார்த்தால் நமக்கும் அது தெரிகிறது. கைக்குட்டையில் பூத்தையல் போடுகிற நுணுக்கத்தைக் கன்னியாஸ்திரீயிடம் எதிர்பார்த்து வருகிறவர்கள் திகைத்துப் போவார்கள்.

மறுபடியும் சான் மார்க்கோவுக்குப் போனேன், நெல்லியின் இன்னொரு பெரிய படத்துக்காக. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் உடலைச் சுற்றி அழுகிறவர்கள். இதே காட்சியை ஆயிரம் பேர் வரைந்திருக்கிறார்கள். பெண்கள் அழகாக அழுவார்கள், கன்னத்தில் ஒரு துளி முத்து நிற்கும். நெல்லியின் பெண்களுக்குக் கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கியிருக்கின்றன. விடிய விடிய ஒப்பாரி வைத்த வீட்டில் காலையில் பார்க்கிற முகங்கள். அழுகையை அருகில் இருந்து பார்த்த ஒருத்திதான், அதைத் துடைத்துவிட்ட ஒருத்திதான் இப்படி வரைய முடியும். இந்த ஒரு படத்துக்கு முன் நான் நின்ற நேரம், மேல்மாடியில் ஓவியத் துறவி ஃபிரா ஆஞ்செலிகோ சுவரோவியங்கள் வரைந்த புகழ்பெற்ற அறைகளில் நின்ற நேரத்தைவிட அதிகம். அதைப் பற்றி எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

உஃபீட்ஸியில் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. யூதித்து, படைத்தலைவன் ஒலோபெரினின் தலையை அறுக்கும் விவிலியக் கதை. அங்கே போத்திச்செல்லி வரைந்த சிறிய படத்தில் யூதித்து வேலை முடிந்து திரும்பி வருகிறாள், கையில் வாளும் ஒலிவக் கிளையும், காற்றில் ஆடை மிதக்கிறது. ஏறக்குறைய 1620-இல் ஆர்த்தெமிசியா ஜெந்திலெஸ்கி என்ற பெண் ஓவியர் வரைந்ததில் எதுவும் மிதக்கவில்லை. யூதித்து முழங்கைவரை சட்டையை ஏற்றிவிட்டு அறுக்கிறாள். பணிப்பெண் அவனை மேலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். மற்றவர்கள் கிழவியாகவும் வேடிக்கை பார்ப்பவளாகவும் வரைந்த பணிப்பெண் இங்கே இளமையும் பலமும் கொண்ட கூட்டாளி. எசமானிக்கும் வேலைக்காரிக்கும் இடையே இப்படி ஒரு தோள்கொடுப்பை நான் வேறு எந்த மத ஓவியத்திலும் பார்த்ததில்லை.

ஆர்த்தெமிசியாவை ஒரு சக ஓவியன் வன்புணர்ந்ததும், 1612-இல் நடந்த வழக்கில் உண்மை சொல்கிறாளா என்று சோதிக்க அவருடைய விரல்களைக் கயிற்றால் இறுக்கியதும் நீதிமன்ற ஆவணங்களில் இருக்கின்றன. அதனால் இந்த ஓவியத்தைப் பழிவாங்கலாக மட்டும் வாசிப்பவர்கள் பலர். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வழக்குக்குப் பின் ஃப்ளோரன்ஸ் வந்து, 1616-இல் ஓவியக் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர். இந்தப் படத்துக்கு வரவேண்டிய கூலியைப் பெற கலிலியோ உதவியதைப் பின்னாளில் அவருக்கே கடிதத்தில் நினைவூட்டியவர். தன் பெயரை வாளின் அலகில் எழுதியவர். காயத்தை மட்டும் பார்த்தால் தொழில்காரியை மறந்துவிடுவோம். ஆண் ஓவியர்களுக்கு நாம் அந்த அநியாயத்தைச் செய்வதில்லை.

பக்திப் படங்களில் வரதட்சணையையும் வேலைக்காரியையும் தேடலாமா, சாமி படத்தைச் சாமி படமாகப் பார்க்கக் கூடாதா என்று இந்தப் பயணத்தில் என்னோடு வந்த தோழி கேட்டாள். நல்ல கேள்வி, நல்ல மனதோடு கேட்டது. மடிப்புக் கோட்டைக் காட்டிய சிஸ்டரைத்தான் அவளுக்குப் பதிலாகச் சொன்னேன். அந்த விரிப்பில் மடத்துப் பெண்களின் உழைப்பைப் பார்த்தவரும் அவர்தான், அடுத்த நிமிடம் ஜெபம் சொன்னவரும் அவர்தான். இரண்டும் அவரிடம் மோதிக்கொள்ளவில்லை. அழகையும் அருளையும் மட்டும் பார்த்த நூற்றாண்டுகளில் நெல்லியின் கூடத்துப் பெண்கள் காணாமல் போனார்கள். யார் சமைத்தது, யார் வரைந்தது, யாருக்கு எந்தக் கதவு பூட்டியிருந்தது என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் நெல்லிக்காக மன்றாடவும் ஆள் வந்தது.

நெல்லியின் இராவுணவைச் செப்பனிட்ட அந்த அமைப்பு ஏறக்குறைய எழுபது படைப்புகளை மீட்டுவிட்டு 2021-இல் மூடப்பட்டது. கிடங்குகளில் இன்னும் எத்தனை கையெழுத்துகள் அழுக்குக்கு அடியில் இருக்கின்றனவோ. நெல்லியின் படங்களில் பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை. ஆனால் ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில், பெருஜியா நகரத்து சான் தொமெனிக்கோ ஆலயத்தில் அவர் 1554-இல் வரைந்த பெந்தெகொஸ்தே நாள் காட்சி இருக்கிறது. தூய ஆவி இறங்குவதற்குமுன் மேல்மாடி அறையில் அன்னை மரியாவோடு வேறு பெண்களும் கூடியிருந்தார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். ஓவியர்கள் பலர் அந்த மற்றப் பெண்களை விட்டுவிடுவார்கள். நெல்லி என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க அடுத்த நாள் காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்தோம்.